நல்லூர் பெரிய வீட்டு மௌன விரதம்

சஷ்டிக்குக் காப்புக் கட்டிய அன்று காலையில் அந்த வெள்ளிச் செம்பைத் தொடவே பிரம்மநாயகிக்குக் கை கூசியது. பூஜை அறையில் முருகனுக்குப் பாலாபிஷேகம் செய்கிற செம்பு அது. அதைத்தான் அந்த வீட்டு மருமகன் நாறும்பூநாதன் அடுப்படிக்கு எடுத்து வந்தான். பாதிச் செம்புக்கு இளநீரை ஊற்றினான். பிறகு இடுப்பில் செருகியிருந்த பாட்டிலைத் திறந்து, பார்வைக்குத் தண்ணீர் போலவே இருந்த சரக்கை மீதிக்கு ஊற்றினான். மேலே நாலு துளசி இலையைக் கிள்ளிப் போட்டான். முருகன் விரதத்தில் துளசிக்கு என்ன வேலை என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"இத மச்சான் பக்கத்துல வச்சிருங்கக்கா. ரெண்டு மணிக்கூருக்கு ஒரு மடக்கு. கொறஞ்சா கை ஆடும். கூடிட்டா ஆளே ஆடிருவாவ" என்று சொல்லிச் சிரித்தான்.

"சாமி செம்புல்லா இது?"

"சாமி ஒண்ணும் சொல்லாது. நீங்களும் ஒண்ணும் சொல்லாதிய."

பிரம்மநாயகிக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்லிடைக்குறிச்சியில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். கட்டிக்கொடுத்த ஆறாம் வருஷம் புருஷன் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. தூரத்துச் சொந்தம் என்ற பேரில் நல்லூர்ப் பெரிய வீட்டு அடுப்படிக்கு வந்து இருபத்து நாலு வருஷம் ஆகிறது. அவள் கோபமாக ஒரு சொல் சொல்லி யாரும் கேட்டதில்லை. குழம்புக்கு உப்பு கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் அன்று முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. விடியுமுன் ஆற்றில் முழுக்குப் போடாமல் அடுப்பைத் தொட மாட்டாள். வருஷா வருஷம் சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். அப்படிப்பட்டவள் கையில்தான் அந்தச் செம்பு வந்து சேர்ந்தது.

அந்த வீட்டில் தாத்தா எம்.எல்.ஏ. அப்பா எம்.எல்.ஏ. கூடத்துச் சுவரில் இரண்டு பேரும் மாலையோடு தொங்கினார்கள். மகன் கணேஷ்ராமுக்கு இதில் ஆசையே கிடையாது. செடி கொடிப் படிப்புப் படித்துப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் பாடம் நடத்தினான். அப்போது அடுப்படிக்கு வந்து, கீரைக் கட்டில் கிடக்கிற களையை எடுத்து, இதற்கு இன்ன பேர் அக்கா என்று சொல்லிக் கொடுப்பான். அப்பா செத்த பதினாறாம் நாள் கட்சிக்காரர்கள் வந்து துண்டைப் போர்த்தினார்கள். அவன் வேண்டாம் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு தடவை ஜெயித்தான். அடுத்த தடவை தோற்றான்.

தோற்றதால் குடித்தான் என்று ஊர் பேசியது. அது சரியில்லை என்று பிரம்மநாயகிக்குத் தெரியும். ஜெயித்த நாளிலேயே அவன் பகல் பன்னிரண்டு மணி வரை சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பான். குளிக்க மாட்டான். "கண்ணு முழிச்சா நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்க மாதிரி இருக்குக்கா" என்று ஒரு தடவை அவளிடம் சொல்லி அழுதான். அந்தப் பாரத்தை இறக்கத்தான் முதலில் குடித்தான். பின்னாலே குடியே பெரிய பாரமாகி அவன் மேல் உட்கார்ந்துகொண்டது.

போன ஆடியில் பாளையங்கோட்டையில் பாக்கியசீலன் டாக்டரின் ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்தார்கள். எட்டு நாளில் முகம் தெளிந்தது. இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஒன்பதாம் நாள் கட்சித் தலைவர் ஒருவர் ஊருக்கு வருகிறார் என்று, ஊரே பெரியாச்சி என்று அழைக்கிற அவனுடைய தாயார் போய், அவனைச் சேர்த்தபோது தான் போட்ட கையெழுத்தைக் காட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டாக்டர் வாசல் வரைக்கும் வந்து சொன்னார், "அம்மா, சட்டுன்னு நிறுத்துனா வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. மறுபடி குடிச்சார்னா இங்க வச்சுத்தான் நிறுத்தணும். நீங்க கூட்டிட்டுப் போறது மகனை இல்ல, வேட்பாளரை." அன்று சாயங்காலமே அவன் கையில் கிளாஸ் இருந்தது. டாக்டர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் அந்த வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. ஆகவே நிறுத்த வேண்டாம்.

இப்போது மறுபடியும் தேர்தல் வருகிறது. கட்சியில் நேர்காணலுக்குக் கூப்பிடப் போகிறார்கள். கொடியேற்றப் போன இடத்தில் கணேஷ்ராம் மேடையிலிருந்து விழுந்த கதை தொகுதி முழுக்கப் பரவிவிட்டது. அதை மாற்றப் பெரியாச்சி கண்டுபிடித்த வழிதான் சஷ்டி விரதம். வெறும் விரதமில்லை, மௌன விரதம். வாய் திறந்தால்தானே நாக்குக் குழறுவது தெரியும். பச்சை வேட்டி கட்டி, கழுத்தில் உருத்திராட்சம் போட்டு, உடம்பெல்லாம் திருநீறு பூசி, கூடத்தில் உட்கார வைத்துவிட்டால் போதும். பார்க்க வருகிற சனம் மற்றதைப் பேசிக்கொள்ளும். கணேஷ்ராமின் அக்கா வீட்டுக்காரன் நாறும்பூநாதன்தான் இதற்கெல்லாம் கூட நின்றான். கணேஷ்ராமால் முடியாவிட்டால் அந்த இடம் தனக்கு என்று அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. முடியாமல் போவதற்கும் அவன்தான் ஊற்றிக் கொடுத்தான்.

பிரம்மநாயகி முதல் நாளே பெரியாச்சியிடம் போய் நின்றாள். "ஆச்சி, இது பாவம். டாக்டர்ட்ட கொண்டு போயிருவோம். தம்பி கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு."

"நேர்காணல் முடியட்டும்."

"அதுவரைக்கும் தாங்கணுமே ஆச்சி."

"என் வயித்துல பொறந்தவன் எனக்குத் தெரியாதா? நீ மருந்து குடுக்குதோம்னு நெனச்சுக் குடு. நிறுத்துனா வலிப்பு வரும்னு டாக்டரே சொன்னாருல்லா?"

மருந்து என்றே நினைத்துக் கொடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் செம்பை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து கையைப் புளி போட்டுத் தேய்த்தாள். தேய்த்த கையை முகர்ந்தால் புளி வாடையையும் மீறி அந்த வாடை வந்தது. பூஜை அறையில் விளக்கேற்றும்போது முருகன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் கையே தனக்கு அருவருப்பாக இருந்தது.

சனம் நாளுக்கு நாள் கூடியது. முதல் நாள் நாற்பது பேர். மூன்றாம் நாள் தெரு கொள்ளவில்லை. பத்தமடையிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் வந்தார்கள். ரிடையர்டு வாத்தியார் திருஞானசம்பந்தம் தினமும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"முகத்துல என்ன ஒரு ஒளி பாத்தீரா வே" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

ஒளி ஒன்றுமில்லை. வேர்வை. ஊதிப்போன கன்னத்தில் திருநீறு குழைந்து வழிந்தது. கண் பாதி மூடியிருந்தால் தியானம் என்றார்கள். கை நடுங்கினால் அருள் என்றார்கள். அவன் கால் வீக்கத்தைத் தொட்டுக் கும்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவன் நடுங்குகிற விரலால் திருநீறு கொடுத்தான். வாங்கிப் பூசிக்கொண்டு போனார்கள். நாறும்பூநாதன் அத்தனையையும் செல்போனில் படம் பிடித்துக் கட்சிக்காரர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான். கூட்டம் கலைந்த பிறகு கணேஷ்ராம் அதே விரிப்பில் சரிந்துவிடுவான். வேட்டி நனைந்திருக்கும். பிரம்மநாயகியும் தோட்டக்காரரும் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுவார்கள். பெரியாச்சி மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு, "விரிப்ப மாத்திருங்க, நாளைக்கும் ஆள் வரும்" என்பாள்.

நாலாம் நாள் மத்தியானம் அவன் பிரம்மநாயகி கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, என்னை அந்த டாக்டர்ட்ட கொண்டு விட்டிருங்கக்கா. இவங்க விட மாட்டாங்க. இன்னும் ஒரு வாரம்னா நான் செத்துருவேன்."

அவள் அழுதாள். சரி என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அன்றும் மாலை ஐந்து மணிக்குச் செம்பைக் கொண்டு வைத்தாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் பிடுங்கிக் குடித்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் கீழத்தெருச் சங்கரி வந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. அதற்காகவே ஐந்து நாளாகப் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வைக்காமல் விரதம் இருக்கிறாள். கண் உள்ளே போய், உதடு வெடித்து, மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். திருநீறு வாங்கிய பிறகும் நகரவில்லை. முந்தானையை இடுப்பில் செருகி, வலது கையைக் குழித்து நீட்டினாள்.

"அண்ணாச்சி குடிக்கிற தீர்த்தத்துல எனக்கு ஒரு வாய் குடுங்க. எம் வயிறு தொறக்கட்டும்."

கூட்டம் "முருகா" என்றது. இப்படி ஒன்று நடக்கும் என்று பெரிய வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. விரதக்காரர் வாய் வைத்த தீர்த்தத்தைப் பிள்ளை இல்லாதவள் கேட்பாள் என்று அந்த ஊரில் பிறந்த எவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். செம்பில் இருப்பது தீர்த்தம் இல்லை என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் அது தோன்றவில்லை. சங்கரிக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பெண்கள் கையைக் குழித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

கணேஷ்ராம் செம்பைப் பார்த்தான். நாறும்பூநாதன் பெரியாச்சியைப் பார்த்தான். பெரியாச்சி ஒரு கணம் யோசித்து லேசாகத் தலையசைத்தாள்.

"ஊத்துங்கக்கா" என்றான் நாறும்பூநாதன். பிறகு பிரம்மநாயகியின் காதோரம் குனிந்து, "ஒரு சொட்டுல ஒண்ணும் ஆயிராது. படம் எடுக்காங்க பாருங்க, சிரிச்ச முகமா ஊத்துங்க" என்றான்.

பிரம்மநாயகி செம்பைக் கையில் எடுத்தாள். சங்கரியின் உள்ளங்கை வெளுத்துப் போயிருந்தது. ஐந்து நாள் பட்டினி கிடந்த வயிறு. அந்த வயிற்றில் இதையா ஊற்றுவது?

"வேண்டாம் தாயி. இது தீர்த்தம் இல்ல. சாராயம்" என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது. ஆனால் யாரும் அதிரவில்லை. திருஞானசம்பந்தம் வாத்தியார் சிரித்தார்.

"சோதிக்காவ வே! நம்பிக்கை இருக்கா இல்லையான்னு சோதிக்காவ. நீ கைய எடுக்காத சங்கரி."

"நாயகிக்கு விரதத்துல தல சுத்திட்டு போல" என்றாள் ஒருத்தி.

"ஏட்டி, உள்ள போ" என்று பெரியாச்சி பல்லைக் கடித்தாள். நாறும்பூநாதன் செம்பைப் பிடுங்க வந்தான்.

அப்போது கணேஷ்ராம் வாய் திறந்தான். ஐந்து நாளில் கூட்டத்துக்கு முன்னால் அவன் சொன்ன முதல் வார்த்தையே குழறியது. "குடிச்சிராதம்மா... அக்கா சொன்னது நெசம்... சாராயம்தான்."

சொல்லிவிட்டு எழுந்தான். தள்ளாடி வந்து பிரம்மநாயகி கையிலிருந்து செம்பை வாங்கினான். கொட்டப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் கொட்டவில்லை. அத்தனை பேர் பார்க்க அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தான். வாயோரம் வழிந்து கழுத்துத் திருநீற்றைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. துளசி இலை ஒன்று தாடையில் ஒட்டிக்கொண்டது. வெறும் செம்பை வாத்தியார் மடியில் போட்டான். வாத்தியார் எடுத்து முகர்ந்தார். முகம் சுருங்கியது. செம்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு யாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. செருப்பைத் தேடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சங்கரியின் மாமியார் முந்தானையால் மருமகள் நெற்றியில் இருந்த திருநீற்றைத் துடைத்தாள். தன் நெற்றியையும் அழுத்தித் துடைத்தாள். சங்கரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தோரணத்துக்குக் கீழே நின்ற இரண்டு பையன்கள் மட்டும் கடைசி வரை படம் எடுத்தார்கள். கணேஷ்ராம் விரிப்பிலேயே வாந்தி எடுத்தான்.

"கதவச் சாத்து" என்றாள் பெரியாச்சி. மகன் வாந்தியில் கிடந்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "இருபத்து நாலு வருஷம் சோறு போட்டேன். என் குடும்பத்தையே சந்தி சிரிக்க வச்சிட்டியேட்டி."

நாறும்பூநாதன் அதற்குள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். "சதிதான், வேற என்ன? விரதத் தீர்த்தத்துல எவளோ கலந்துட்டா... எவளோ என்ன, எங்க வீட்டுச் சமையக்காரிதான்... எதிர்க்கட்சிக்காரன் அவளை வளைச்சிருக்கான்... மச்சானையே அப்படி அறிக்கை குடுக்கச் சொல்லுதோம். போலீஸ்லயும் எழுதிக் குடுத்துருவோம்."

பிரம்மநாயகிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பயம் வரவில்லை. மூடாத சாக்கடை பக்கத்தில் நிற்பது போலத்தான் இருந்தது. அடுப்படிக்குப் போய்த் தன் மாற்றுச் சேலையையும் கண்ணாடியையும் எடுத்துப் பையில் போட்டாள். பின்வாசலில் இறங்கினாள்.

"அக்கா... நானும் வாரேன்."

கணேஷ்ராம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பச்சை வேட்டியெல்லாம் நாற்றம்.

பெரியாச்சி ஓடி வந்தாள். "படி எறங்குனேன்னா எம் புள்ளை இல்ல நீ."

"சரிம்மா" என்றான்.

தெருமுனையில் ஆட்டோ பிடித்தார்கள். ஆட்டோக்காரனுக்கு அவனை நன்றாகத் தெரியும். கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தான். பத்தமடை தாண்டும்போது கணேஷ்ராம் பிரம்மநாயகி மடியில் வாந்தி எடுத்தான். அவளுக்கு அவன் மேல் இரக்கம் வர வேண்டியதுதான் நியாயம். ஆனால் அந்த நேரத்தில் வரவில்லை. எப்போது பாளையங்கோட்டை வரும் என்றுதான் இருந்தது. முருகா, என் மனசையும் இப்படிக் கல்லாக்கிட்டியே என்று நினைத்துக்கொண்டாள்.

பாக்கியசீலன் டாக்டர் பார்த்த உடனே கட்டிலில் படுக்கச் சொன்னார். ஊசி போட்டார். பிறகு ஒரு தாளை எடுத்தார். "கணேஷ்ராம், இந்தத் தடவை நீங்களே கையெழுத்துப் போட்டுச் சேரணும். அப்பதான் வேற யாரும் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போக முடியாது."

பேனாவைப் பிடித்தான். கை ஆடியது. பேனா விழுந்தது. நர்ஸ் யூனிஸ் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது.

"பைய போடுங்க, அவசரமில்ல" என்றார் டாக்டர்.

அவசரம் இருந்தது. வாசலில் கார் வந்து நின்றது. நாறும்பூநாதன் மடிப்புக் கலையாத வேட்டியோடு உள்ளே வந்தான்.

"மச்சான், எந்திரிங்க. ஒண்ணும் கெட்டுப் போகல. நாலு வரி நான் எழுதி வச்சிருக்கேன். சமையக்காரி கலந்துட்டான்னு சொல்லி ஒரு வீடியோ, அவ்வளவுதான். நேர்காணலுக்குப் போயிரலாம்." குரலைத் தாழ்த்தினான். "கார்ல வச்சிருக்கேன். முழு பாட்டில்."

கணேஷ்ராமின் கண் வாசல் பக்கம் போனது. நாக்கு உதட்டைத் தடவியது. காலைக் கட்டிலிலிருந்து கீழே வைத்தான். பார்த்துக்கொண்டிருந்த பிரம்மநாயகிக்கு உடம்பெல்லாம் புழு ஊர்கிற மாதிரி இருந்தது. இவனுக்காகவா இத்தனையும்?

டாக்டர் பக்கம் திரும்பினாள். "டாக்டர், ஒண்ணு எழுதிக்கிடுங்க. அஞ்சு நாளா தம்பிக்குச் சரக்கு குடுத்தது நான்தான். தெரிஞ்சேதான் குடுத்தேன். என் கையாலதான் குடுத்தேன். போலீஸ் வந்தாலும் இதத்தான் சொல்லுவேன்."

"பாத்தியளா, அவளே ஒத்துக்கிட்டா!" நாறும்பூநாதன் முகம் மலர்ந்தது.

"ஊத்துனது நீங்க. தலையாட்டுனது ஆச்சி. அதையும் சொல்லுவேன்."

கணேஷ்ராம் வாசல் பக்கமிருந்து திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு, "கேட்டது நான். அத முதல்ல எழுதுங்க டாக்டர்" என்றான். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு தாளில் எழுதினான். கட்டத்துக்குள் ஆரம்பித்த பேர் கட்டத்தைத் தாண்டி, கீழ்வரியையும் தாண்டி, தாளின் ஓரம் வரைக்கும் போனது. டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "போதும்" என்றார். நாறும்பூநாதனைப் பார்த்து, "நீங்க வெளிய போகலாம்" என்றார்.

கார் போகிற சத்தம் கேட்டதுதான் தாமதம், கணேஷ்ராம் கத்த ஆரம்பித்தான். காரைக் கூப்பிடச் சொன்னான். பிரம்மநாயகியைக் கேட்கக் கூசுகிற வார்த்தையால் திட்டினான். அவளைப் பெற்றவளையும் திட்டினான். இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். அவள் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். சேலையிலிருந்து அந்த வாடை வந்துகொண்டே இருந்தது.

யூனிஸ் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தாள். "ரொம்ப அசிங்கமாப் பேசுதாவம்மா. நீங்க வேணும்னா அங்கன தள்ளி உக்காருங்க."

"கத்தட்டும் தாயி" என்றாள் பிரம்மநாயகி. "அஞ்சு நாளா வாயக் கட்டிப் போட்டிருந்தாவ."

கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. பெரியாச்சி. என்ன இருந்தாலும் பெற்றவள், பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுத்தாள்.

"ஏட்டி, அங்க பேப்பர்காரனுவ யாரும் வந்திருக்கானுவளா?"

உள்ளே கணேஷ்ராம் கத்துவது போனிலும் கேட்டிருக்கும். பெரியாச்சி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிரம்மநாயகி போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பிறகு யூனிஸைப் பார்த்து, இங்கே சேலையை அலசக் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டாள்.